லே போகும் முன் வத்தல்மலை
வாசகர் கேள்விகள்: பதில் சொல்பவர், தருமபுரியில் பணி ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியை

டீச்சர், வணக்கம். ஓசூரில் ஒரே கம்பெனியில் வேலை பார்க்கும் ஒன்பது பேர் நாங்கள். வரும் ஆகஸ்ட்டில் இமயமலையில், மணாலியிலிருந்து லடாக்கின் லே வரை மலை சைக்கிளில் போகத் திட்டம் போட்டிருக்கிறோம். ஞாயிறுதோறும் ராயக்கோட்டை வரை போய் வருகிறோம். அதோடு ஒரு மாதம் வத்தல்மலை ஏறிப் பழகினால் போதுமா?
– ஓசூர் வாசகர்

காலுக்குப் போதும் தம்பி. வத்தல்மலையின் கொண்டை ஊசி வளைவுகளைச் சின்ன கியரில், நடுவில் இறங்காமல் ஏறிவிட்டு, மறுநாள் காலையில் திரும்பவும் ஏற முடிகிறதா என்று பாருங்கள். அந்த 'மறுநாள்' ரொம்ப முக்கியம். மணாலியிலிருந்து லே வரை, ரோதாங் கணவாய் வழியாகப் போனால் ஏறத்தாழ 475 கிலோமீட்டர். எட்டு, பத்து நாள் தொடர்ந்து மிதிக்க வேண்டிய பாதை. ஒருநாள் வேகம் அங்கே உதவாது.

நம் ஊரில் பழக முடியாதது ஒன்று உண்டு. அது காற்று. வத்தல்மலை உச்சி ஆயிரம் மீட்டர் சொச்சம்தான். லேவுக்கு முன்னால் கடைசியாக வரும் தங்லங் லா கணவாய் 5,328 மீட்டர். அங்கே காற்றழுத்தம் நம் ஊரில் இருப்பதில் பாதி அளவுக்கு இறங்கிவிடும். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அப்படியே குறையும். எத்தனை வருடம் ஓடியிருந்தாலும், எவ்வளவு கட்டுமஸ்தான உடம்பாக இருந்தாலும் அதற்கு முன்கூட்டியே தயாராக முடியாது. மெதுவாக ஏறி, ராத்திரி அங்கேயே படுத்துத்தான் உடம்பு பழகும். சொல்லப்போனால், நன்றாக மிதிக்கிறவர்கள்தான் சீக்கிரம் உயரத்துக்குப் போய் மாட்டிக்கொள்கிறார்கள்.

3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால், படுக்கும் இடம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை, ஏறாமல் ஒரு நாள் ஓய்வு. மலை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு இது. பகலில் ஏறுகிற கணவாய் உயரமாக இருக்கலாம், ராத்திரி படுக்கிற இடம்தான் கணக்கு. வழியில் வரும் கேலாங்கில் இரண்டு இரவு தங்குங்கள். பிறகு ஜிஸ்பா, 3,200 மீட்டர். பலரும் அங்கிருந்து பாராலாச்சா லா கணவாயைத் தாண்டி ஒரே மூச்சில் சர்ச்சுவுக்குப் போய்விடப் பார்க்கிறார்கள். சர்ச்சு 4,290 மீட்டர். ஒரே நாளில் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறி அங்கேயே படுக்கிறார்கள் என்று அர்த்தம். நடுவில் பட்சியோ பக்கம் ஓர் இரவு கூடாரம் போடுங்கள்.

நான் ஒரு குழுவோடு இதே பாதையில் சைக்கிளில் போனபோது நாங்கள் அதைச் செய்யவில்லை. மணாலியில் மழையில் ஒரு நாள் போய்விட்டது. அதை ஈடுகட்ட பட்சியோவை விட்டுவிடலாம் என்று முடிவு எடுத்தது நான்தான். எங்கள் குழுவில் காரிமங்கலம் பக்கத்துப் பையன் ஒருவன். எப்போதும் முன்னால் போகிறவன் அன்று மதியம் முதல் கடைசியில் வந்தான். "தலை வலிக்கிறதா?" என்று கேட்டேன். "இல்லீங்க டீச்சர், தூக்கம் பத்தல" என்றான். ராத்திரி சாப்பாட்டைத் தொடவில்லை. நான் இன்னொரு முறை கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

விடியற்காலை இரண்டு மணி இருக்கும். கூடாரத்துக்கு வெளியே யாரோ கயிற்றில் இடறி விழும் சத்தம். டார்ச்சை அடித்துப் பார்த்தால் அவன்தான். ஷூவை வலது இடது மாற்றிப் போட்டிருந்தான். தரையில் ஒரு கோடு கிழித்து, குதிகாலும் பெருவிரலும் தொடுகிற மாதிரி அடி வைத்து நடக்கச் சொன்னேன். மூன்றாவது அடியில் சாய்ந்தான். மூளையில் நீர் கோத்தால் முதலில் தெரிவது இந்தத் தள்ளாட்டம்தான். அப்படி ஒருவர் தள்ளாடினால் காலைவரை பார்க்கலாம் என்று உட்காரக் கூடாது.

சர்ச்சுவில் இன்னொரு சங்கடம் உண்டு. கீழே இறங்கலாம் என்றால் எந்தப் பக்கமும் நேராக இறங்க வழி இல்லை. திரும்பிப் போனால் 4,890 மீட்டர் பாராலாச்சா லாவை ஏறித்தான் இறங்க வேண்டும். முன்னால் போனால் இருபத்தொரு வளைவு கொண்ட காட்டா லூப்ஸ் ஏற்றம், அதைத் தாண்டினால் இன்னும் இரண்டு கணவாய். நல்லவேளையாக எங்களிடம் கூட வரும் வண்டியும் ஆக்சிஜன் சிலிண்டரும் இருந்தன. முகமூடியை மாட்டி, அவன் தலையை என் மடியில் வைத்துக்கொண்டு, அந்த இருட்டில் கேலாங் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மறுநாள் சாயந்திரம் எழுந்து உட்கார்ந்து, "சொன்னா எல்லாரும் நிக்கணுமேன்னு சொல்லல டீச்சர்" என்றான். இன்றைக்கும் அந்த வாக்கியம் என்னை விட்டுப் போகவில்லை.

அதனால் உங்கள் ஒன்பது பேருக்கும் நான் சொல்வது இதுதான். புறப்படும் முன்பே, ஓசூரில் உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள்: தினமும் காலையிலும் ராத்திரியும் ஒவ்வொருவரும் தலைவலி, வாந்தி, தூக்கம், பசி நான்கையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தலைவலியோடு குமட்டலோ அசதியோ சேர்ந்தால் அந்த உயரத்தில் அப்படியே நிற்க வேண்டும், மேலே ஏறக் கூடாது. குறையவில்லை என்றால் இறங்க வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலும், தள்ளாடினாலும் அந்த நிமிடமே இறக்க வேண்டும். ஒருவருக்காக எட்டுப் பேர் நிற்பதில் யாருக்கும் குறைச்சல் இல்லை என்று முன்கூட்டியே சொல்லி வைத்தால்தான் அங்கே வாய் திறப்பார்கள். லீவில் இரண்டு நாள் உபரியாக வைத்துக்கொள்ளுங்கள். லீவு போதவில்லை என்றால் பயணத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவையுங்கள், நாளைக் குறைக்காதீர்கள்.

டயமாக்ஸ் மாத்திரை போட்டுக்கொண்டால் உயரத்தில் வரும் இந்தத் தொந்தரவே வராது என்கிறார்களே?
– கிருஷ்ணகிரி வாசகர்

உடம்பு பழகுவதை அந்த மாத்திரை விரைவுபடுத்தும், அவ்வளவுதான். அறிகுறி வந்த பிறகும் மேலே ஏறிக்கொண்டே போக அது அனுமதிச் சீட்டு இல்லை. சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் டாக்டரிடம் அதைச் சொல்லாமல் தொடக் கூடாது. விரல் நுனி மரமரக்கும், அடிக்கடி சிறுநீர் போகும். டாக்டரைப் பார்த்து, ஊரில் இருக்கும்போதே ஒரு நாள் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

என்ன சைக்கிள் வாங்கலாம்? முன் சஸ்பென்ஷன் அவசியமா?
– அரூர் வாசகர்

பாதை பெரும்பாலும் தார்தான். ஆனால் நடுநடுவே பெயர்ந்து கிடக்கும், பனி உருகி ஓடும் ஓடைகள் ரோட்டைக் குறுக்கே அறுக்கும். முன் சஸ்பென்ஷன் இருந்தால் கை வலி குறையும், பின்னால் தேவையில்லை. சைக்கிள் விலையை விடச் சின்ன கியரைப் பாருங்கள். பிரேக் பேட் புதிதாகப் போட்டு, இன்னொரு ஜோடியும் எடுத்துக்கொள்ளுங்கள். நீண்ட இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே போகாமல் விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். தொப்பூர் கணவாயில் லாரிக்குச் சொல்வதேதான். ஓடைகளைக் காலையிலேயே தாண்டிவிடுங்கள். வெயில் ஏறப் பனி உருகி, மதியத்தில் அதே ஓடை முழங்கால் வரை வரும்.

பழகுவதற்கு அஞ்செட்டி காட்டு ரோட்டில் விடியுமுன் போகலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அது யானை நடமாடும் நேரம்.

என் மகள் ஏழு பேர் கொண்ட சைக்கிள் குழுவோடு லடாக் போகிறேன் என்கிறாள். அதில் இவள் ஒருத்திதான் பெண். எனக்குப் பயமாக இருக்கிறது. அனுப்பலாமா?
– பென்னாகரம் அம்மா

அம்மா, உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. அவளை நிறுத்துவதற்கு முன் அந்தக் குழுவை நடத்துகிறவரிடம் நீங்களே பேசுங்கள். கூடவே வண்டி வருகிறதா, அதில் ஆக்சிஜன் இருக்கிறதா, ஒருவருக்கு முடியவில்லை என்றால் யார் கூடத் திரும்புவார் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு உடனே ஓர் ஆளைக் காட்டாத குழுவோடு நான் என் மகளை அனுப்ப மாட்டேன். சர்ச்சுவுக்கு அப்பால் வரும் பாங் மாதிரி இடங்களில் துணிக் கூடாரத்தில் எல்லோருக்கும் ஒரே வரிசையாகப் படுக்கை போடுவார்கள். மகளுக்குத் தனிக் கூடாரம் உண்டா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். மாதவிலக்கு நாளுக்கு வேண்டியதையெல்லாம் இங்கிருந்தே எடுத்துப் போகட்டும். வழியில் கிடைக்கும் என்று நம்ப முடியாது.

இன்னொன்று. நம் ஊர் ப்ரீபெய்ட் சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட் வேண்டும். அதுவும் இருந்தாலும் ஜிஸ்பாவைத் தாண்டினால் சிக்னல் கிடைக்கும் என்று நம்ப முடியாது. மூன்று நாள் போன் வரவில்லை என்றால் நீங்கள் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கக் கூடாது. எந்தத் தேதியில் எங்கே இருப்பாள் என்று ஒரு தாளில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேழ்வரகு மாவு கொண்டுபோய் அங்கே களி கிண்டிச் சாப்பிடலாமா? எனக்குச் சப்பாத்தி ஒத்துக்கொள்வதில்லை.
– பாலக்கோடு வாசகர்

நானும் ஆசைப்பட்டு இரண்டு கிலோ கொண்டுபோனேன். பாங் 4,600 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 85 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். உலை தளதளவென்று கொதிப்பது கண்ணுக்குத் தெரியும், ஆனால் சூடு பத்தாது. மாவைக் கொட்டிக் கிண்டினால் வெளியே கூழும் உள்ளே பச்சை மாவுமாக உருண்டை உருண்டையாக நின்றது. அரிசியும் அப்படித்தான், நடுவில் கல்லாக இருக்கும். அதனால்தான் அங்கே தாபாக்காரர்கள் எல்லாவற்றையும் குக்கரில் வைக்கிறார்கள்.

அடுத்த நாள் வேறு மாதிரி செய்தேன். மிச்சமிருந்த மாவை வாணலியில் மணம் வரும்வரை வறுத்து, வெல்லத் தூளும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து, வெந்நீர் ஊற்றிக் கலக்கிக் குடித்தோம். பசி இல்லாமல் தவித்த பிள்ளைகள்கூட ஒரு டம்ளர் குடித்தார்கள். நீங்கள் இங்கேயே வறுத்து, வெல்லம் கலந்து, பொட்டலம் பொட்டலமாகக் கட்டிக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு பிடி போதும். எள்ளுருண்டையும் எடுத்துப் போங்கள், அந்தக் குளிரிலும் கல்லாக இறுகாமல் பல்லுக்குப் பதமாக இருந்தது.