குழந்தைக்கு ‘எழில்’ என்று பெயர் வைக்கலாமா?

ஆணோ பெண்ணோ, ‘எழில்’ பொருந்துமா, சேலத்தில் சரியாகக் கூப்பிடுவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வைக்கலாம். எழிலன், எழிலரசி என்று பின்னால் ஏதாவது சேர்த்தே கேட்டுப் பழகிய காதுக்குத் தனி ‘எழில்’ கொஞ்சம் புதிது, அவ்வளவுதான்.

சிக்கல் உச்சரிப்பில்தான். ழகரத்துக்கு நாக்கு நுனி பின்னோக்கி வளைந்து மேலண்ணத்தை நெருங்க வேண்டும், ஒட்டக் கூடாது. ஒட்டினால் ‘எளில்’. அடுத்த நொடியே அதே நுனி முன்னே வந்து ‘ல்’ சொல்ல வேண்டும். அவசரத்தில் இரண்டும் ஒன்றாகி ‘எலில்’ ஆகிவிடும். பள்ளியில் அது ‘எலி’யாகச் சுருங்க அதிக நாள் ஆகாது. முதல் எழுத்தை நீட்டினால் ‘ஏழில்’. சேலத்தில் தெலுங்கு, கன்னடம், சௌராஷ்டிரம் பேசும் வீடுகள் நிறைய. அங்குள்ள பெரியவர்களுக்கு ‘எ… ழில்’ என்று பிரித்து நாலு தடவை சொல்லிக் காட்டுங்கள், பிடித்துக்கொள்வார்கள்.

ஆங்கிலத்தில் இ, இசட், எச், ஐ, எல் என்றே எழுதுங்கள். கோழிக்கோடு, ஆலப்புழா எல்லாம் ழகரத்துக்கு இசட்-எச் போடுபவைதான். எச் விட்டுப்போனால் வடக்கே ‘எஸில்’ என்பார்கள்.

பிறப்பை 21 நாளுக்குள் பதியுங்கள். பெயரை முடிவு செய்யாவிட்டாலும் 12 மாதம் வரை கட்டணமின்றிச் சேர்க்கலாம். சான்றிதழ் கைக்கு வந்ததும் பாலினக் கட்டத்தை அவசியம் பாருங்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான இப்படிப்பட்ட பெயர்களில் தட்டச்சு செய்பவர் ஊகித்துப் போட்டுவிட வாய்ப்பு உண்டு. பிறகு ஆதார், பாஸ்போர்ட் என்று ஒவ்வொன்றாகத் திருத்த அலைய வேண்டியிருக்கும்.