ஞாயிறு மதியம் படுத்தால் குற்றமா?

கேள்வி: பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். ஆர்டர் அவசரம் என்றால் ஞாயிறும் போக வேண்டும். லீவு கிடைக்கிற ஞாயிறு மதியம் கொஞ்சம் படுத்தால், ‘துணி கிடக்கிறதே, மாவு ஆட்டவில்லையே’ என்று மனசு உறுத்துகிறது. வீட்டில் கணவரும் கல்லூரி போகும் மகனும் இருக்கிறார்கள். வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று பெரிய தொழிலதிபரே சொல்கிறார். நான் சோம்பேறியாகிவிட்டேனா?
– வாசகி, திருப்பூர்

பதில்: இல்லை. ஆறு நாள் நின்றபடியே பீஸைப் புரட்டி ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் தேடிய கண்ணும் காலும் ஓய்வு கேட்கின்றன. அதற்குப் பெயர் சோம்பல் இல்லை.

2023இல் இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நாராயணமூர்த்தி சொன்னது அந்த 70 மணி நேரம். அவ்வளவு நேரம் உழைத்தால் வேலை கூடுதலாக நடக்குமா என்பதற்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. முதல் உலகப் போரின்போது பிரிட்டனின் குண்டுத் தொழிற்சாலைகளில் பெண்கள் ஞாயிறும் சேர்த்து வேலை பார்த்தார்கள். அந்தப் பழைய பதிவுகளைப் பொருளாதார அறிஞர் ஜான் பென்கவெல் 2014இல் அலசினார். வாரம் 70 மணி நேரம் உழைத்தவர்கள் செய்துமுடித்ததும், 56 மணி நேரம் உழைத்தவர்கள் செய்துமுடித்ததும் ஏறக்குறைய ஒன்றுதான். ஞாயிறு விடுமுறை இல்லாத வாரங்களில் உற்பத்தி அடிவாங்கியது. செக்கிங்கில் இது உங்களுக்கே தெரியும்: கண் களைத்தால் ஓட்டை தப்பும், தப்பிய பீஸ் திரும்பி வரும்.

ஞாயிறு வேலைக்குக் கூப்பிட்டால் மாற்று விடுமுறையும், கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளமும் சட்டப்படி உங்களுக்கு உண்டு. கூச்சப்படாமல் கேளுங்கள்.

இனி, படுக்கிற விஷயம். மதியம் 1 முதல் 3 மணிக்குள் உடம்பே மந்தமாகும். அப்போது 20 நிமிடத்துக்கு அலாரம் வைத்துப் படுங்கள். அரை மணியைத் தாண்டினால் ஆழ்ந்த தூக்கத்துக்குள் போய்விடுவோம், பாதியில் எழுந்தால் தலை கனக்கும். வாரம் முழுக்கத் தூக்கம் குறைந்திருந்தால் ஒன்றரை மணி நேரமே தூங்கலாம். ஆனால் 4 மணிக்குமேல் வேண்டாம், இரவுத் தூக்கம் கெட்டுத் திங்கள்கிழமை திண்டாடுவீர்கள். கால் வீங்கியிருந்தால் தலையணைமேல் தூக்கி வையுங்கள். செல்போன் அடுத்த அறையில் இருக்கட்டும். ரீல்ஸ் பார்ப்பது கண்ணுக்கு இன்னொரு ஷிப்ட்.

இவ்வளவும் செய்தாலும் உறுத்தல் போகாது, துணியும் மாவும் உங்கள் ஒருவர் கணக்கில் இருக்கும்வரை. 2019இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிட்டது 299 நிமிடம், ஆண்கள் 97. உங்கள் வீட்டில் இரண்டு ஆண்கள் இருக்கிறார்கள். துணியைக் கணவரிடம் கொடுங்கள். கிரைண்டரை மகனிடம் விடுங்கள்: உளுந்தை முதலில் போட்டு, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, அரை மணி ஓட விட வேண்டும், பிறகு அரிசி. தண்ணீரை மொத்தமாக ஊற்றிவிட்டான் என்றால் உளுந்து பொங்காது, இட்லி தட்டையாகத்தான் வரும். வரட்டும். பாதியில் எழுந்துபோய் நீங்கள் கை வைத்தால், அடுத்த ஞாயிறும் மாவு உங்கள் தலையில்தான்.