ஆல் இன் ஒன்னா, தனி சிபியுவா: டிசைன் வேலைக்கு எதில் பணத்தைப் போடுவது?

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் ஒன்பது ஆண்டுகளாகச் சிறிய டிசைன் சென்டர் நடத்தி வருகிறேன். கல்யாணப் பத்திரிகை, ஃபிளெக்ஸ் பேனர், நிப்பட்டுக் கடைகளுக்கும் மாங்கூழ் தொழிற்சாலைகளுக்கும் லேபிள் ஆகியவை என் வேலை. செலவு போக மாதம் 52,000 ரூபாய் நிற்கிறது. தொழிற்சாலைகள் வரியுடன் பில் கேட்பதால் ஜிஎஸ்டி பதிவும் வைத்திருக்கிறேன். பழைய கணினி இனித் தாங்காது. கிருஷ்ணகிரியில் விசாரித்ததில் திரைக்குள்ளேயே கணினி அடங்கிய 27 அங்குல ஆல் இன் ஒன்னுக்கு 98,000 ரூபாயும், கிராபிக்ஸ் கார்டுடன் கூடிய தனி சிபியுவுக்கு 84,000 ரூபாயும், அதற்கு 27 அங்குல மானிட்டருக்கு 19,000 ரூபாயும் சொல்கிறார்கள். அதே சிபியுவைப் பெங்களூரில் பில் இல்லாமல் 76,000 ரூபாய்க்குத் தருவதாகத் தம்பி சொல்கிறான். கையிருப்பு 65,000 ரூபாய். மீதிக்கு நகையை அடகு வைக்கலாமா? ஆல் இன் ஒன் பார்க்க அழகாகவும் இடத்தை அடைக்காமலும் இருப்பதால் மனம் அதன் பக்கம் சாய்கிறது.

பதில்: தனி சிபியுவையே வாங்குங்கள், பில்லோடு வாங்குங்கள், மானிட்டரை இப்போது வாங்காதீர்கள் என்பதே என் கருத்து. இந்த மூன்றுக்கும் காரணம் தனித்தனியானது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

நீங்கள் எழுதியிருக்கும் கணக்கில் யுபிஎஸ் இல்லை. நம் பக்கத்தில் கரண்ட் போய் வரும் நிலைமையில் அதை விட்டுவிட்டு விலை பேசுவதில் பொருளில்லை. ஆல் இன் ஒன்னுக்குச் சிறிய யுபிஎஸ் போதும் என்பதால் 4,000 ரூபாயும், கிராபிக்ஸ் கார்டு உள்ள சிபியுவுக்கு ஒரு கேவிஏ அளவாவது வேண்டும் என்பதால் 7,000 ரூபாயும் வைத்துக்கொண்டால், முன்னது 1,02,000 ரூபாய், பின்னது 1,10,000 ரூபாய். வாங்கும் நாளில் ஆல் இன் ஒன் 8,000 ரூபாய் மலிவு.

இதை எட்டு ஆண்டுகளுக்கு நீட்டிப் பார்ப்போம். கணினியின் உறுப்புகள் எல்லாம் ஒரே வயதில் ஓய்வதில்லை. நல்ல மானிட்டர் பத்தாண்டு உழைக்கும். ப்ராசஸரும் ரேமும் நான்கைந்து ஆண்டுகளில் புதிய மென்பொருளுக்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறத் தொடங்கும். ஆல் இன் ஒன்னில் இவை அனைத்தும் ஒரே உடம்பாக இருப்பதால், ஐந்தாம் ஆண்டில் நன்றாக இருக்கும் திரையையும் சேர்த்தே கழிக்க நேரிடும். பழையதை 15,000 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டு இன்றைய விலையிலேயே இன்னொன்று வாங்குவதாகக் கொண்டாலும் மொத்தச் செலவு 1,85,000 ரூபாய் ஆகிறது. தனி சிபியுவில் மதர்போர்டு, ப்ராசஸர், ரேம் ஆகியவற்றை மட்டும் சுமார் 45,000 ரூபாயில் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அது மின்சாரத்தைக் கூடுதலாகக் குடிக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: 100 வாட் கூடுதல் என்றும், நாளைக்கு எட்டு மணி நேரம், மாதம் 26 நாள் வேலை என்றும் கொண்டால் மாதம் ஏறத்தாழ 21 யூனிட், யூனிட் பத்து ரூபாய் என்றால் ஆண்டுக்கு 2,500 ரூபாய், எட்டாண்டில் 20,000 ரூபாய். அதையும் சேர்த்தால் தனி சிபியுவுக்கு 1,75,000 ரூபாய் வருகிறது. ஆக, எட்டாண்டில் மிச்சம் 10,000 ரூபாய், அதாவது மாதம் நூறு ரூபாய். ஏழெட்டு டீ வாங்கும் காசுக்காக உங்கள் மனத்துக்குப் பிடித்ததை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

முடிவைத் தீர்மானிப்பது வேறொன்று. உங்கள் மாத வருமானத்தை 26 நாட்களுக்கு வகுத்தால் ஒரு நாளின் மதிப்பு 2,000 ரூபாய். என் அலுவலகத்தில் நானே ஓர் ஆல் இன் ஒன் வைத்திருந்தேன். உத்தரவாதம் முடிந்த இரண்டாம் மாதத்தில் திரையின் இடப்பக்கம் பச்சை நிறத்தில் மயிரிழை போல ஒரு கோடு விழுந்தது. ஒரு வாரத்தில் அது விரல் அகலம் ஆயிற்று. உள்ளே கணினி பழுதில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது, பார்க்கத்தான் வழியில்லை. சர்வீஸ் சென்டருக்கு முழுப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போனேன். பேனல் வர வேண்டும் என்று பதினோரு நாள் வைத்திருந்து, மாற்றுவதற்கு 23,000 ரூபாய் கேட்டார்கள். கணக்குப் பார்க்கும் எனக்கு அந்தப் பதினோரு நாளும் ஒரு பழைய லேப்டாப்பில் ஒப்பேறிவிட்டது. உங்களுக்கு ஒப்பேறாது. பெங்களூரா மாம்பழம் கூழுக்குப் போகும் பருவத்திலோ வைகாசி முகூர்த்தத்திலோ இப்படி நேர்ந்தால் 22,000 ரூபாய் வருமானம் நிற்கும். அதைவிட, அடுத்த ஆண்டு அந்த லேபிள் வேலை ஓசூருக்குப் போய்விடும். தனி சிபியுவில் மானிட்டர் போனால் பக்கத்துக் கடையில் ஒன்றை இரவல் வாங்கி அன்று மாலையே வேலையைத் தொடரலாம். கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் போனால் ஊரிலேயே மாற்றித் தர ஆள் இருக்கிறார்கள்.

வேலையின் தன்மையையும் பார்க்க வேண்டும். 20 அடிக்கு 10 அடி ஃபிளெக்ஸை அங்குலத்துக்கு 72 புள்ளி என்ற அளவில் போட்டோஷாப்பில் திறந்தால் 17,280 பெருக்கல் 8,640, ஏறத்தாழ 15 கோடிப் புள்ளிகள். அச்சுக்கான சிஎம்ஒய்கே என்ற நான்கு நிற முறையில் ஒரு லேயர் மட்டுமே சுமார் 600 எம்பி நினைவகத்தைப் பிடிக்கும். தலைவர் படம், பின்னணி, பூ அலங்காரம், வாழ்த்துவோர் வரிசை என்று ஆறு லேயர் நிரம்பினால் மூன்றரை ஜிபி. பக்கத்தில் கோரல்டிராவும் பிரவுசரும் திறந்திருக்கும். 16 ஜிபி ரேம் இன்றைக்கு ஓடும், இரண்டு ஆண்டு கழித்து மூச்சு வாங்கும். பல ஆல் இன் ஒன்களில் லேப்டாப்புக்கான ப்ராசஸரே இருக்கிறது. ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்ட மாடல்களும் உண்டு. ஆப்பிளின் ஐமேக்கில் வாங்கும்போது எவ்வளவு ரேமோ கடைசி வரை அவ்வளவுதான். அதன் திரை அருமையானது என்பதை மறுக்கவில்லை. ஆனால் 27 அங்குல ஐமேக்கை அந்நிறுவனம் 2022-இலேயே நிறுத்திவிட்டது; தவிர, ஒன்பது ஆண்டுகளாக விண்டோஸில் பழைய தமிழ் எழுத்துருக்களைக் கொண்டு சேர்த்துவைத்த கோப்புகளை அங்கே கொண்டுபோய்ப் பிழை பார்ப்பது தனி வேலை. பத்திரிகையும் விசிட்டிங் கார்டும் மட்டுமே உங்கள் தொழில் என்றால் ஆல் இன் ஒன்னே போதும் என்றிருப்பேன்.

இனி, பில் இல்லாத 76,000 ரூபாய். உங்கள் தம்பி நல்லதை நினைத்துத்தான் சொல்கிறார். ஆனால் கணினிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். 84,000 ரூபாய்க்குள் சுமார் 12,800 ரூபாய் வரி அடங்கியிருக்கிறது. காம்போசிஷன் திட்டத்தில் (விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் முறை) இல்லாத பதிவுதாரர் என்ற முறையில் அந்தத் தொகையை நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். பில் இல்லாமல் 8,000 ரூபாய் மிச்சம் பிடிப்பவர் 12,800 ரூபாயை விட்டுவிடுகிறார், உத்தரவாதமும் போகிறது. பெங்களூர் எஸ்பி ரோட்டில் பில்லோடு வாங்குவதாக இருந்தாலும் ஒரு கவனம் தேவை. உங்கள் ஜிஎஸ்டி எண்ணையும் காவேரிப்பட்டணம் முகவரியையும் கொடுத்து ஐஜிஎஸ்டி (மாநிலம் விட்டு மாநிலம் விற்கும்போது போடும் ஜிஎஸ்டி) என்று பில் போடச் சொல்ல வேண்டும். மாநிலத்துக்குள் விற்பதைப் போலக் கர்நாடகத்தின் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று போட்டுவிட்டால் அந்த வரியைத் தமிழ்நாட்டுப் பதிவில் கழிக்க முடியாது. மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டுவதால் மாநில எல்லையைக் கடக்க இ-வே பில் என்ற மின்னணுச் சரக்குச் சீட்டும் வேண்டும். இத்தனைக்கும் பழுது வந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மறுபடி பெங்களூர் போக வேண்டும். கிருஷ்ணகிரியிலேயே வாங்கிவிடுங்கள்.

வருமான வரியில் கணினிக்கு 40 சதவீதம் தேய்மானம் (ஆண்டுதோறும் குறையும் மதிப்பைச் செலவாகக் காட்டுவது) உண்டு என்று சொல்லி விலை உயர்ந்ததை வாங்கத் தூண்டுவோர் இருக்கிறார்கள். உங்கள் ஆண்டு வருமானம் ஆறேகால் லட்சத்துக்குள்தான். 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரிமுறையில் 12 லட்சம் வரையிலான வருமானத்துக்கு வரித் தள்ளுபடி இருப்பதால் உங்களுக்கு வரியே வராது. வராத வரியைத் தேய்மானம் குறைக்க முடியாது.

பணத்துக்கு வருவோம். தனி சிபியுவின் பெரிய வசதி, அதைத் தவணையாக வாங்கலாம் என்பது. கடைக்காரர் தரும் தவணையைச் சொல்லவில்லை. சிபியுவும் யுபிஎஸ்ஸும் சேர்ந்து 91,000 ரூபாய். பழைய மானிட்டர் வேலை செய்கிறது என்றால் அதையே இப்போதைக்கு இணைத்துக்கொள்ளுங்கள். கையிருப்புப் போக 26,000 ரூபாய்தான் குறைகிறது. ஆல் இன் ஒன்னை இப்படிப் பாதியாக வாங்க முடியாது. ஆனால் கையிருப்பை ஒட்டத் துடைக்கவும் வேண்டாம்: 15,000 ரூபாயை அப்படியே வைத்துக்கொண்டு, 41,000 ரூபாய்க்கு வங்கியில் நகைக் கடன் வாங்குங்கள். ஆண்டு வட்டி பத்து சதவீதம் என்றாலும் நான்கு மாதத்துக்கு 1,400 ரூபாய்க்குள் முடியும். 50,000 ரூபாய் வரை பிணையில்லாமல் கிடைக்கும் முத்ரா சிசு கடனையும் (சிறு தொழில்களுக்கான அரசுத் திட்டக் கடன்) கேட்டுப் பார்க்கலாம். ஆனால் சீசனுக்கு முன் கைக்கு வருமா என்று வங்கி மேலாளரிடம் முதலில் கேளுங்கள். ‘வட்டியில்லாத் தவணை’ என்ற விளம்பரத்தைக் கண்டால் மொத்தப் பணம் கொடுத்தால் எவ்வளவு குறைப்பார்கள் என்று கேளுங்கள். அந்தத் தள்ளுபடியும் செயலாக்கக் கட்டணமும்தான் பெரும்பாலும் அங்கே வட்டி. 91,000 ரூபாயில் அடங்கிய சுமார் 13,900 ரூபாய் வரி, நீங்கள் கட்டும் ஜிஎஸ்டியில் இரண்டு மூன்று மாதங்களில் கழிந்துவிடும். அந்தப் பணத்தை வேறெதற்கும் திருப்பாமல் நேரே நகைக் கடனில் கட்டுங்கள். கடைக்காரர் தன் கணக்கைத் தாக்கல் செய்து அந்தப் பில் உங்கள் 2பி அறிக்கையில் (விற்றவர்கள் தாக்கல் செய்த பில்களைக் காட்டும் ஜிஎஸ்டி பட்டியல்) வந்திருக்கிறதா என்று மறுமாதம் பார்த்துக்கொள்வது அவசியம்.

கொட்டேஷன் வாங்கும்போது எஸ்எம்பிஎஸ் எந்த நிறுவனத்தினுடையது, எத்தனை வாட், ரேம் ஒரே குச்சியாக வருகிறதா இரண்டாக வருகிறதா, காலி ஸ்லாட் எத்தனை என்பவற்றை எழுதித் தரச் சொல்லுங்கள். விலை குறைப்பவர்கள் பெரும்பாலும் கை வைப்பது எஸ்எம்பிஎஸ்ஸில்தான். 27 அங்குல மானிட்டரை மாங்கூழ் சீசன் பணம் வசூலான பிறகு, ஆடியில் வேலை குறையும்போது வாங்குங்கள். ஐபிஎஸ் பேனலா (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத திரை வகை) என்று கேட்டு, உங்கள் லேபிள் ஒன்றின் அச்சுப் பிரதியைக் கையில் கொண்டுபோய்க் கடையிலேயே திரையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாம்பழ மஞ்சள் எந்தத் திரையில் எலுமிச்சையாகத் தெரிகிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும். பழைய மானிட்டரை எக்ஸ்சேஞ்சில் 1,000 ரூபாய்க்குக் கொடுத்துவிடாமல் இரண்டாம் திரையாகப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.