கார்சினோமா என்றால் முற்றிய கான்சரா?

கேள்வி: யாங்கூனில் இருக்கிறோம். அம்மாவுக்கு வயது 58. மார்பில் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்ததில் ‘டக்டல் கார்சினோமா இன் சிட்டு, கிரேடு 3’ என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. சென்னைக்கு நோயாளிகளை அனுப்பும் ஏஜென்ட் ஒருவர், “கார்சினோமா என்றால் சாதாரண கான்சரைவிட மோசம். மூணாவது ஸ்டேஜ். இந்த வாரமே போய் கீமோ ஆரம்பிக்கணும்” என்கிறார். பாதிப் பணத்தை இப்போதே கேட்கிறார். என்ன செய்வது ஐயா?

பதில்: தம்பி, அவர் சொன்னது மூன்றும் தப்பு. பணம் கொடுக்காதீர்கள்.

கான்சர், கார்சினோமா இரண்டுக்கும் வேர் நண்டுதான். ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் பழைய கிரேக்க மருத்துவ நூல்களில் ஆறாத கட்டிகளைக் ‘கார்கினோஸ்’, ‘கார்கினோமா’ என்று எழுதியிருக்கிறார்கள். கார்கினோஸ் என்றால் நண்டு. லத்தீனில் நண்டுக்குப் பெயர் ‘கான்சர்’; ரோமாபுரியில் அதை வைத்துக்கொண்டார்கள். கட்டியைச் சுற்றி ரத்தக் குழாய்கள் புடைத்து நண்டுக் கால் போலத் தெரிவதைக் கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் கேலன் என்ற மருத்துவர் எழுதினார். இங்கே பர்மிய டாக்டர்கள் சொல்லும் ‘கின்சா’வும் அதே கான்சர்தான். ஒன்றைவிட ஒன்று பெரியது என்பதெல்லாம் ஏஜென்ட் கண்டுபிடித்தது.

இப்போது டாக்டர்கள் கார்சினோமா என்று எழுதினால், தோலிலோ, உள்ளுறுப்புகளின் உள்பூச்சிலோ, சுரப்பியிலோ உள்ள செல்லில் ஆரம்பித்தது என்று அர்த்தம். எலும்பிலோ தசையிலோ ஆரம்பித்தால் சார்கோமா. பிறந்த இடத்தைச் சொல்கிற பெயர் அது. எவ்வளவு முற்றியிருக்கிறது என்பது அதில் கிடையாது.

அதைச் சொல்வது பின்னால் வருகிற ‘இன் சிட்டு’. லத்தீனில் ‘இருந்த இடத்திலேயே’. அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் இருந்த பிராடர்ஸ் என்ற டாக்டர் 1932-ல் இந்தப் பெயரை எழுதிப் பரப்பினார். ‘டக்டல்’ என்றால் பால் குழாயைச் சேர்ந்தது. அம்மா விஷயத்தில், கெட்ட செல்கள் பால் குழாய்க்குள்ளேயே இருக்கின்றன, குழாயின் சுவரைத் தாண்டி வெளியே வரவில்லை என்று பொருள். ஸ்டேஜ் கணக்கில் இது பூஜ்ஜியம்.

சரி, அந்த 3 எங்கிருந்து வந்தது? அது கிரேடு. மைக்ராஸ்கோப்பில் செல்கள் எவ்வளவு உருமாறித் தெரிகின்றன என்பதற்குப் போடும் எண். ஸ்டேஜ் என்பது எவ்வளவு பரவியது என்பதற்கு. கிரேடு 3 என்றால் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது, அவ்வளவுதான். இந்த 3-ஐ ஸ்டேஜாக மாற்றிச் சொல்லிப் பணம் பிடுங்குவது ஏஜென்ட்களின் பழைய வித்தை. ரிப்போர்ட் என்று ஆங்கிலத்தில் ஐந்து வரி அடித்து, உறையில் போட்டு, கவுன்டரில் யார் கையிலாவது கொடுத்து அனுப்பினால் வேறென்ன நடக்கும்? டாக்டர் உட்காரவைத்துப் பத்து நிமிடம் பேசியிருந்தால் ஏஜென்டுக்கு இங்கே வேலையே இல்லை. எத்தனை வருஷமாகச் சொல்கிறேன், யார் கேட்கிறார்கள்!

கீமோ விஷயம். இன் சிட்டு மட்டும்தான் என்றால் கீமோ கொடுப்பதில்லை. ஆபரேஷன்தான் முதல் சிகிச்சை. கட்டியை மட்டும் எடுத்தால் பெரும்பாலும் பிறகு ரேடியேஷன் வைப்பார்கள். நிறைய இடத்தில் இருந்தால் மார்பையே எடுக்க வேண்டியிருக்கும். சிலருக்கு ஹார்மோன் மாத்திரை. ‘கீமோவும் சேர்த்துப் பேக்கேஜ்’ என்று ஒருவர் விலை சொன்னால், அவர் ரிப்போர்ட்டைப் படிக்கவில்லை, அல்லது படித்துவிட்டுத்தான் சொல்கிறார்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இதில் ஏமாந்தவர்கள் உண்டு. ‘டக்டல்’ என்பதற்குப் பதில் ‘லோபுலார் கார்சினோமா இன் சிட்டு’ (லோபுலார் என்றால் பால் சுரக்கும் பகுதியைச் சேர்ந்தது) என்று இருந்தால் கதையே வேறு. பெயரில் கார்சினோமா இருந்தும் அதைக் கான்சராகக் கணக்கிடுவதில்லை. பின்னால் கான்சர் வரும் வாய்ப்பு கூடுதல், கவனித்துக்கொண்டே இருங்கள் என்கிற அடையாளம் அது. 2018-ல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க ஸ்டேஜ் விதிகளில் அதைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். அதிலும் ‘ப்ளியோமார்ஃபிக்’ என்ற வகையைப் பொதுவாக ஆபரேஷன் செய்து எடுத்துவிடுவார்கள். ஆக, ரிப்போர்ட்டில் அந்த முதல் சொல் டக்டலா, லோபுலாரா என்று இன்னொரு முறை பாருங்கள். ஒரு சொல்லை விட்டுப் படித்து மார்பை இழந்துவிடக் கூடாது.

சென்னை போவது தப்பில்லை. ஆனால் அதற்கு ஏஜென்ட் எதற்கு? வேலூர் சி.எம்.சி.யில் நீங்களே நேரடியாகப் பதிவு செய்யலாம். பல தனியார் ஆஸ்பத்திரிகள் ஏஜென்டுக்குக் கமிஷன் தருகின்றன. அது யார் பில்லில் ஏறும் என்று சொல்லத் தேவையில்லை. பாஸ்போர்ட்டையும் ஒரிஜினல் ரிப்போர்ட்டையும் அவர் கையில் கொடுக்காதீர்கள், நகல் போதும்.

முதலில் பரிசோதனை செய்த லேபில் கண்ணாடி ஸ்லைடுகளையும், மெழுகில் பதித்து வைத்திருக்கும் சதைத் துண்டையும் கேட்டு வாங்குங்கள். ‘பாரஃபின் பிளாக்’ என்றால் புரியும். முகம் சுளிப்பார்கள், விடாதீர்கள். அதை இன்னொரு நோய்க்குறியியல் நிபுணரிடம் காட்டுங்கள். அம்மாவை அலையவிடுவதற்கு முன் பிளாக் அலையட்டும். இதற்கு ஓரிரு வாரம் ஆவதால் பாதகமில்லை. ஆனால் மாதக்கணக்கில் நாட்டு மருந்து பார்க்கலாம் என்று உறவினர் யாராவது சொன்னால் கேட்காதீர்கள்; இருந்த இடத்தில் இருப்பது எப்போதும் அங்கேயே இருக்கும் என்று இல்லை.

ஊசியில் வருவது சிறு துண்டுதான். ஆபரேஷனில் எடுத்த சதை முழுவதையும் பார்த்த பிறகு வரும் ரிப்போர்ட்டே முடிவு. அதில் ‘இன்வேஷன்’, அதாவது குழாயின் சுவரைத் தாண்டிவிட்டது என்ற சொல் இருக்கிறதா என்று டாக்டரிடம் நேரே கேளுங்கள். இருந்தால் ஸ்டேஜையும் சிகிச்சையையும் புதிதாகப் பேச வேண்டும், அதுவும் டாக்டரிடம்தான்.