பல சுவிட்சுகளில் தரவு முன்னுரிமையை ஸ்கிரிப்ட் மூலம் அமைப்பது எப்படி?

நிலாவெளியில் விடுதியொன்றின் கணினிப் பிரிவில் வேலை செய்யும் நண்பர் கேட்டிருப்பதன் சாரம் இது: வரவேற்பறை, சமையலறை, கடற்கரையோரத் தனி வீடுகள் என்று சுமார் இருபது சுவிட்சுகள் (கருவிகளை வலையமைப்பில் இணைக்கும் பெட்டிகள்) பரந்திருக்கின்றன, ஐபி தொலைபேசி, சிசிடிவி கமரா, விருந்தினர் வைஃபை மூன்றும் அவற்றின் வழியாகவே போகின்றன, மாலையில் தொலைபேசிக் குரல் விட்டுவிட்டுக் கேட்கிறது, முன்னுரிமை அமைப்பை ஒவ்வொரு சுவிட்சாகக் கையால் செய்யாமல் தானியங்கியாகச் செய்ய முடியுமா?

முடியும். திருகோணமலை நகரிலும் உப்புவெளிப் பக்கத்திலும் இதே வேலையைச் செய்து வருபவன் என்ற முறையில் ஒன்றை முதலில் வலியுறுத்த விரும்புகிறேன். ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைகளைத் தானாக ஓட்டும் சிறு நிரல், எழுதுவது இதில் சிறிய பகுதிதான். எந்தப் போர்ட்டிலிருந்து (சுவிட்சில் கம்பி செருகும் வாய்) வரும் முன்னுரிமைக் குறியை (தரவோடு சேர்த்து எழுதப்படும் முன்னுரிமை எண்) நம்புவது, எதை நம்பாமல் அழித்துவிடுவது என்பதை முடிவு செய்வதே பெரிய வேலை. அது தெளிவாகாத நிலையில் ஓடும் ஸ்கிரிப்ட், குழப்பத்தை இருபது சுவிட்சுகளுக்கும் ஒரே நிமிடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

குரலுக்குத் தேவைப்படும் அலைவரிசை மிகக் குறைவு. குரலை எண்ணிமத் தரவாக்கும் ஜி.711 முறையில் 20 மில்லிசெக்கனுக்கு ஒன்றாக, செக்கனுக்கு 50 பாக்கெட்டுகள் (தரவுப் பொட்டலங்கள்) போகின்றன. தலைப்புப் பகுதியோடு சேர்த்து ஒவ்வொன்றும் 200 பைட். ஆகவே ஓர் அழைப்புக்கு ஒரு திசையில் 80 கிலோபிட் போதும். ஐம்பது அழைப்புகள் ஒன்றாக நடந்தாலும் 4 மெகாபிட்தான். அப்படியிருந்தும் குரல் அறுபடுவதற்குக் காரணம், கமராக்களும் வைஃபையும் ஒரு கணத்தில் குவிந்து, மேலே போகும் இணைப்பில் பாக்கெட்டுகள் காத்திருக்கும் வரிசையை நிரப்பிவிடுவதுதான். குரல் பாக்கெட் அந்த வரிசையில் காத்துக் கிடக்கிறது, அல்லது இடமின்றிக் கைவிடப்படுகிறது. சுவிட்சில் முன்னுரிமை வைப்பதன் பயன் நெரிசல் உண்டாகும் அந்த இடத்தில்தான் தெரியும். நெரிசலே இல்லாத போர்ட்டில் அதனால் ஒரு மாற்றமும் வராது.

குறிகள் இரண்டு வகை. ஐபி தலைப்பில் 6 பிட் கொண்ட டிஎஸ்சிபி, 0 முதல் 63 வரை. விலேன் (ஒரே சுவிட்சுகளில் தனித்தனி வலையமைப்புகளைப் பிரிக்கும் முறை) குறிச்சீட்டில் 3 பிட் கொண்ட சிஓஎஸ், 0 முதல் 7 வரை. குரலுக்கு டிஎஸ்சிபி 46, சிஓஎஸ் 5 என்பது வழக்கம். இந்த எண்ணை எந்தக் கருவியும் தானாக எழுதிக்கொள்ளலாம் என்பதுதான் சிக்கல். விருந்தினர் ஒருவரின் மடிக்கணினி தன் பதிவிறக்கத்துக்கு 46 என்று எழுதி அனுப்பினால், அதை நம்பும் சுவிட்ச் அதையும் குரலின் வரிசையில் சேர்த்துவிடும். கோணேசர் கோவில் திருவிழாவில் முதியவர்களுக்கென்று திறந்த வாசலில் வருகிறவர்கள் எல்லோரையும் விட்டால் முதியவர்கள் எங்கே நிற்பார்கள்?

எனவே முதலில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு பங்கு கொடுங்கள்: தொலைபேசி, கமரா, வைஃபை, அலுவலகக் கணினி, சுவிட்சுகளுக்கிடையிலான இணைப்பு. இணைப்புப் போர்ட்டை நம்பலாம், ஏனெனில் மறுமுனையில் இருப்பதும் நீங்கள் அமைத்த சுவிட்ச். தொலைபேசிப் போர்ட்டைத் தொலைபேசி இருக்கும்வரை மட்டும் நம்பலாம். கமராவின் குறியை நம்பாமல் சுவிட்சே குறியிடட்டும். ஆனால் கண்டிப்பான முன்னுரிமை வரிசைக்குள் கமராவை ஒருபோதும் விடாதீர்கள். அந்த வரிசை காலியாகும்வரை மற்றவை காத்திருக்க வேண்டும் என்பதால், காணொளி அதில் நுழைந்தால் குரலும் நெரிபடும், மற்றவையும் பட்டினி கிடக்கும். இந்தப் பங்குகளை யாமல் கோப்பொன்றில் (விவரங்களை எளிய வரிகளாக எழுதும் உரைக்கோப்பு) எழுதி, வெற்றிடங்களை நிரப்பித் தரும் ஜின்ஜா வார்ப்புரு அதிலிருந்து கட்டளைகளை உருவாக்கும்படி செய்துவிட்டால், நாளைக்கு ஒரு கமரா இடம் மாறும்போது கோப்பில் ஒரு வரியை மாற்றுவதோடு வேலை முடியும்.

உங்களிடம் சிஸ்கோ கேட்டலிஸ்ட் 2960 வகை இருந்தால் இரண்டு இடங்களில் கவனம் தேவை. அவற்றில் முன்னுரிமை வசதி முதலில் அணைந்திருக்கும். அப்போது குறிகள் தொடப்படாமல் கடந்துபோகும். சுவிட்ச் முழுவதற்குமான பொதுக் கட்டளையால் அதை இயக்கிய கணமே, நம்பும்படி சொல்லி வைக்காத எல்லாப் போர்ட்டுகளும் நம்பப்படாதவையாகி, அவற்றில் வரும் குறிகள் யாவும் 0 ஆகிவிடும். அதாவது பாதியில் நின்றுபோன ஸ்கிரிப்ட், ஒன்றும் செய்யாமல் இருந்ததைவிட மோசமான நிலையை உண்டாக்கும். அதனால் இணைப்புப் போர்ட்டுகளின் நம்பிக்கைக் கட்டளைகளை முதலில் எழுதி, பொதுக் கட்டளையைக் கடைசியில் வையுங்கள். மற்றொன்று, சிஓஎஸ் 5ஐ அந்தச் சுவிட்சுகள் இயல்பாக டிஎஸ்சிபி 40 ஆகவே மாற்றும். 46 வேண்டுமென்றால் சிஓஎஸ்ஸை டிஎஸ்சிபியாக மாற்றும் அட்டவணையையும் வார்ப்புருவில் சேர்க்க வேண்டும்.

கருவியாக, பல சாதனங்களை ஒரே இடத்திலிருந்து அமைக்கும் மென்பொருளான அன்சிபிளைப் பரிந்துரைக்கிறேன். பைத்தான் நிரல்மொழியில் பழக்கமிருந்தால், சுவிட்சுகளுக்குக் கட்டளை அனுப்பும் அதன் நூலகமான நெட்மிகோவும் போதும். ஆனால் மாற்றத்தைச் செய்யுமுன் என்ன மாறும் என்று காட்டும் சோதனை ஓட்டம் அன்சிபிளில் கையருகே இருக்கிறது, நான் அதை மிகவும் மதிக்கிறேன். ஒரு விடுதியில் அப்படி ஓட்டியபோது எல்லாச் சுவிட்சுகளிலும் ஒரே மாதிரியான வரிகள் வர, சமையலறைச் சுவிட்சில் மட்டும் ஏழாம் போர்ட்டுக்குக் கூடுதலாக மூன்று வரிகள் வந்தன. போய்ப் பார்த்தபோது, யாரோ தொலைபேசியைக் கழற்றி அந்த இடத்தில் ஒரு வைஃபை பெட்டியைப் பொருத்தியிருந்தார்கள். ஆவணம் பழையது என்பதை அந்த மூன்று வரிகள்தான் காட்டின. ஒரு சிறு குறிப்பு: கட்டளைகளைச் சுருக்காமல், சுவிட்ச் தன் கோப்பில் காட்டும் அதே வடிவில் முழுமையாக எழுதுங்கள். அன்சிபிள் வரிகளை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவதால், சுருக்கி எழுதினால் ஒவ்வொரு முறையும் மாற்றம் இருப்பதாகவே சொல்லிக்கொண்டிருக்கும்.

ஓட்டும்போது ஒரு நேரத்தில் ஒரு சுவிட்ச் என்று வரையறுங்கள். தொடங்குமுன், பத்து நிமிடத்தில் தானாக மறுதொடக்கமாகும் கட்டளையைச் சுவிட்சுக்குக் கொடுத்துவிட்டு, தொடர்பு அறுந்துபோகவில்லை என்று உறுதியானதும் அதை ரத்துச் செய்யுங்கள். அதுவரை புதிய அமைப்பைச் சேமிக்க வேண்டாம்; தொடர்பு அறுந்தால் மறுதொடக்கத்தில் பழைய அமைப்பே திரும்பிவிடும். உறுதியான பின் சேமிக்க மறக்கவும் கூடாது. ஒக்டோபர், நவம்பர் இடிமழைக் காலத்தில் மின்சாரம் போய் வருவது நமக்குப் புதிதல்ல; சேமிக்காத அமைப்பு முதல் மின்தடையோடு போய்விடும். கடவுச்சொற்களை அன்சிபிளின் பெட்டகத்தில் பூட்டி வையுங்கள்.

பலன் கிடைத்ததா என்பதை வரிசைகளின் எண்ணிகளைப் பார்த்துத் தீர்மானியுங்கள். விருந்தினர் கூடும் மாலையில் ஒருமுறை, மறுநாள் மாலை ஒருமுறை பதிந்து ஒப்பிடுங்கள். குரல் வரிசையில் கைவிடப்பட்ட பாக்கெட்டுகள் கூடாமல் இருக்க வேண்டும். குரல் வரிசை வழியாகப் போன பாக்கெட்டுகளே 0 என்று காட்டினால், வழியில் எங்கோ குறி அழிக்கப்படுகிறது என்று பொருள்.

வைஃபை வழியாகவும் தொலைபேசி பேசுகிறீர்கள் என்றால் இன்னொன்றையும் பாருங்கள். பல வைஃபை பெட்டிகள் டிஎஸ்சிபியின் முதல் மூன்று பிட்டுகளை மட்டும் எடுப்பதால், 46 அங்கே 5 ஆகிக் காணொளி வகுப்பில் விழுந்துவிடும். 2018இல் வெளியான இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 8325, 46ஐக் குரல் வகுப்பான 6க்கு மாற்றச் சொல்கிறது. பெட்டியில் அந்த அட்டவணையைத் திருத்த முடியுமா என்று பார்த்து, முடிந்தால் திருத்துங்கள். அழைப்புகள் வெளி இணையம் வழியாகப் போகின்றன என்றால், நெரிசல் உங்கள் ரூட்டரில்தான் இருக்கும். அங்கே வேகத்தைச் சற்றுக் குறைத்து வரையறுத்து, வரிசையை ரூட்டரே கையாளும்படி செய்ய வேண்டும். வலைப்பக்கத்தில் மட்டும் அமைக்கக்கூடிய மலிவான சுவிட்சுகள் இருபதில் சில இருக்குமானால், அவற்றை ஸ்கிரிப்டுக்குள் கொண்டுவரப் பாடுபடாதீர்கள். கையால் ஒருமுறை அமைத்து, பிரதியெடுத்து வைத்து, தொலைபேசிகளை மட்டும் அவற்றிலிருந்து மற்றச் சுவிட்சுகளுக்கு மாற்றிவிடுங்கள்.