வில்லியம் ஃபாஸ்டரும் ஆடிக்கொண்டே வாசிக்கும் பேண்டும்: கேள்வி பதில்

யார் இந்த ஃபாஸ்டர்? சுருக்கமாகச் சொல்லுங்கள் சார்.

வில்லியம் பி. ஃபாஸ்டர். 1919இல் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் பிறந்த கறுப்பினத்தவர். கையில் எடுத்த வாத்தியம் கிளாரினெட். 1946இல் ஃப்ளோரிடா ஏ அண்ட் எம் கல்லூரிக்கு பேண்ட் இயக்குநராகப் போனவர், 1998 வரை 52 வருடம் அங்கேயே இருந்தார். 2010இல் காலமானார்.

கான்சஸ் பல்கலைக்கழகத்தில் படித்தவர் எதற்காக ஃப்ளோரிடா வரை போக வேண்டும்?

கான்சஸில் அவர் படித்தது இசைக் கல்வி. ஆனால் அந்தப் பல்கலைக்கழக பேண்டில் கறுப்பின மாணவனுக்கு இடம் கிடையாது. வகுப்பில் உட்காரலாம், பேண்டில் நிற்க முடியாது. போதாக்குறைக்கு, பேண்டை நடத்தும் ஆசையையும் விட்டுவிடு, கறுப்பினத்தவருக்கு அந்த வேலை எங்கும் இல்லை என்று டீன் சொன்னாராம். வெள்ளையர் பேண்டுகளுக்கு ஒரு படிகூடக் குறையாத பேண்டை நானே உருவாக்கிக் காட்டுகிறேன் என்ற வைராக்கியம் அங்கே பிறந்ததுதான்.

1941இல் பட்டம். பிறகு பள்ளி, கல்லூரி என்று சில இடங்களில் வேலை. அப்புறம்தான் ஃப்ளோரிடா. நிறவெறிச் சட்டங்கள் நடப்பிலிருந்த காலம். அந்த மாநிலம் கறுப்பினத்தவருக்கென்று நடத்திய கல்லூரி அது.

பேண்ட் என்றால் யூனிஃபார்ம் போட்டு மார்ச் பாஸ்ட் போவதுதானே அண்ணா? இதில் புதிதாக என்ன செய்துவிட்டார்?

அவர் வருவதற்கு முன்பு கல்லூரி பேண்ட் என்றால் பெரும்பாலும் ராணுவ நடைதான். நிமிடத்துக்கு 120 ஸ்டெப், நேர்க்கோடு, மார்ச் இசை. ஃபாஸ்டர் இதை இரண்டு பக்கமும் இழுத்தார். ஒரு பக்கம் நிமிடத்துக்கு 20 ஸ்டெப், அதாவது ஒரு காலடிக்கு மூன்று விநாடி. மறுபக்கம் 320 ஸ்டெப், விநாடிக்கு ஐந்துக்கும் மேல்.

வேகம்தான் கஷ்டம் என்று தோன்றும். எனக்கு அந்த மெதுநடைதான் பயம். ஒற்றைக் காலில் நிற்கும்போது தோளில் சுற்றிக்கிடக்கும் சூசபோன் என்ற பெரிய பித்தளைக் குழல் ஆளைச் சாய்க்கப் பார்க்கும்; அதே நேரத்தில் மூச்சு சீராகப் போனால்தான் சுருதி நிற்கும்.

இதோடு தொடை தரைக்கு இணையாக வரும்படி முழங்காலைத் தூக்கி வைக்கும் நடை, ரேடியோவில் ஓடும் பிரபலப் பாட்டுகள், வரிசை கலைந்து மறுபடி கூடும் நடனம். இன்று அமெரிக்கப் பள்ளி பேண்டுகள் சாதாரணமாகச் செய்கிற பல விஷயங்கள் இவர் வழியாக வந்தவை.

இவர் பேண்டுக்கு 'மார்ச்சிங் 100' என்று பெயர். ஆனால் வீடியோவில் எண்ணி மாளவில்லையே?

நூறு பேர் சேர்ந்த காலத்தில் வந்த பெயர் அது. பிற்பாடு முந்நூறு, நானூறு என்று போய்விட்டது. பெயரை மட்டும் யாரும் தொடவில்லை.

கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆட்டம் சரி, சங்கீதம் எங்கே?

கோபமெல்லாம் இல்லை, ஆனால் இவரைப் பார்த்துக் கேட்கும் கேள்வி இல்லை இது. இவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1955இல் கல்வித் துறையில் டாக்டர் பட்டம் வாங்கியவர். பேண்ட் அணிவகுப்புக் கலைக்கு 1968இல் தனி நூலே எழுதினார். அமெரிக்க பேண்ட் மாஸ்டர்கள் சங்கத்துக்குத் தலைவரான முதல் கறுப்பினத்தவரும் இவர்தான். சிறந்த கல்லூரி பேண்டுக்கான சட்லர் கோப்பை 1985இல் இவர் பேண்டுக்கு வந்தது. கறுப்பினக் கல்லூரி ஒன்று அதைப் பெற்றது அதுவே முதல் முறை. ஓடிக்கொண்டும் குதித்துக்கொண்டும் வாசிக்கிறவன் கையில் நோட்ஸ் பிடிக்க முடியாது. அத்தனையும் மனப்பாடம். அதற்குப் பின்னால் எத்தனை மணி நேர ஒத்திகை இருக்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

பாரிஸ் போன கதை உண்மையா?

உண்மைதான். 1989 ஜூலை 14, பிரெஞ்சுப் புரட்சியின் 200ஆம் ஆண்டு விழா. அமெரிக்கா சார்பில் ஷான்ஸெலிசே சாலையில் போனது இந்த பேண்ட். அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் பாட்டுகளுக்கு, பின்னோக்கி வழுக்கிப் போவதுபோல் தோன்றும் மூன்வாக் ஆடிக்கொண்டே போனார்கள்.

2011இல் இதே பேண்டில் ராகிங்கில் ஒரு மாணவர் இறந்தாரே? அதைச் சொல்லாமல் விடாதீர்கள்.

விடவில்லை. நவம்பர் 2011, ஒர்லாண்டோவில், பேருந்துக்குள் சக மாணவர்களே அடித்ததில் அணிவகுப்பை முன்னின்று நடத்தும் டிரம் மேஜர் ஒருவர் உயிரிழந்தார். 2013 வரை பேண்டையே நிறுத்தி வைத்தார்கள். ஃபாஸ்டர் அதற்கு முந்தைய ஆண்டே இறந்துவிட்டார். அதனால் அவருக்குச் சம்பந்தமில்லை என்று கை கழுவ என் மனம் ஒப்பவில்லை. இந்த வழக்கம் ஒரே ராத்திரியில் முளைத்ததல்ல. அத்தனை கட்டுப்பாடு இருந்த இடத்தில் இது எப்படி வளர்ந்தது என்று அவரை மதிக்கிறவர்களும் கேட்கத்தான் வேண்டும்.

நான் பள்ளி பேண்ட் மாஸ்டர். அந்த மெதுநடையை எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரலாமா?

தாராளமாக. முதல் வாரம் வாத்தியமே வேண்டாம். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து மூன்று தட்டுக்கு ஒரு காலடி வைக்கச் சொல்லுங்கள். ஆட்டம் காணாமல் நிற்கிறவனுக்கு மட்டும் அடுத்த வாரம் வாத்தியத்தைக் கொடுங்கள். பேஸ் டிரம் தூக்குகிற பையனைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளுங்கள், பாவம்.