தகரக் கூரை வீட்டில் மெட்டல் பதிவு: எந்த மைக் வாங்குவது?

கேள்வி: அண்ணா, மண்டபம் ஊரில் நாங்கள் மூன்று பேர் ஹெவி மெட்டல் வாசிக்கிறோம். நான் குரோல் (உறுமல்), ஸ்க்ரீம் (அலறல்) இரண்டும் பாடுவேன். நண்பனிடம் கிட்டாரும் 15 வாட் ஆம்பும் (கிட்டார் ஒலிபெருக்கிப் பெட்டி) இருக்கின்றன. சொந்தப் பாட்டைப் பதிவு செய்ய 15,000 ரூபாய் சேர்த்திருக்கிறோம். கடையில் கேட்டால் கண்டென்சர் மைக்தான் துல்லியம் என்கிறார்கள். குரலுக்கு ஒன்று, கிட்டாருக்கு ஒன்று வாங்க வேண்டுமா? வீடு கடலுக்குப் பக்கம், தகரக் கூரை.

பதில்: தம்பி, கண்டென்சர் துல்லியம்தான். ஆனால் அந்தத் துல்லியமே உங்கள் வீட்டில் தொல்லையாகிவிடும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தகரம் அதிரும் சத்தம், தெருவில் போகும் மீன் வண்டியின் ஹாரன் எல்லாம் உங்கள் குரலோடு சேர்ந்து பதிவாகும். உப்புக் காற்று இன்னொரு பிரச்சினை. கண்டென்சருக்குள் இருப்பது மின்னேற்றம் பெற்ற மெல்லிய படலம். அதில் ஈரம் ஏறினால் கரகரப்பு வரும். டைனமிக் என்ற இன்னொரு வகை மைக்கில் காந்தமும் கம்பிச்சுருளும்தான். கண்டென்சர் கேட்கும் 48 வோல்ட் மின்சாரம் இதற்கு வேண்டாம், ஈரத்தை ஓரளவு தாங்கும், வாயருகே வைத்து அலறினாலும் ஒலி உடையாது.

இரண்டு மைக் தேவையில்லை. கிட்டாரை முதலில் பதிவு செய்யுங்கள், குரலைப் பிறகு. ஒரே மைக் இரண்டுக்கும் உழைக்கும். 1965-இல் வந்த ஷூர் எஸ்எம்57 என்ற டைனமிக் மைக் இன்றும் கிட்டார் ஆம்ப் முன்னால் நிற்கிறது. பாடவும் அது போதும், முன்னால் ஒரு பாப் ஃபில்டர் (வாய்க்காற்றைத் தடுக்கும் திரை) வைத்தால் சரி. ஆனால் உங்கள் பணத்தில் பெரும்பகுதியை அதுவே விழுங்கிவிடும். மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸ் ஏற்கெனவே இருந்தாலோ இரவல் கிடைத்தாலோ எஸ்எம்57 வாங்குங்கள். இல்லையென்றால் அதில் பாதி விலைகூட இல்லாத பெரிங்கர் எக்ஸ்எம்8500 வாங்கி, மீதியில் இன்டர்ஃபேஸ், அதில் மைக்கை இணைக்கும் எக்ஸ்எல்ஆர் கேபிள், ஆடாத ஸ்டாண்ட் மூன்றையும் முடியுங்கள். நல்ல மைக்கை லேப்டாப்பின் ஹெட்போன் துளையில் செருகினால் இரைச்சல்தான் மிஞ்சும். ஷூரின் எஸ்எம்7பி நல்ல மைக், ஆனால் விலை எங்கேயோ இருக்கிறது. அதற்கு நிறைய கெயினும் (மைக் ஒலியைப் பெருக்கும் அளவு) வேண்டும், மலிவு இன்டர்ஃபேஸ் திணறும்.

விலையைவிட வைக்கும் இடம் முக்கியம் என்று உறுதியாகச் சொல்வேன். ஆம்பின் துணித் திரையிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி மைக்கை வையுங்கள். ஸ்பீக்கரின் நடுமூடியும் கோனும் சேரும் விளிம்பை நோக்கித் தொடங்குங்கள். நடுவுக்குப் போனால் ஒலி கூர்மையாகும், ஓரத்துக்குப் போனால் மங்கும். விரல் அகலம் நகர்த்தினாலே வித்தியாசம் காதுக்குத் தெரியும். கிட்டாரை உறும வைக்கும் டிஸ்டார்ஷனை மேடையில் வைப்பதைவிடக் கொஞ்சம் குறைத்து, அதே ரிஃபை (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி) இரண்டு தடவை தனித்தனியாக வாசித்து இடது, வலது என்று பிரித்து வையுங்கள். கனம் அதில்தான் வரும். ஒரு பதிவை நகலெடுத்து ஒட்டினால் வராது.

பாடும்போது மைக் தலையைக் கையால் பொத்தாதீர்கள். பின்பக்க ஒலியை ஒதுக்கும் துளைகள் அடைபட்டுக் குரல் குழம்பிவிடும். உங்கள் உச்சகட்ட அலறலை வைத்து கெயினைச் சரிபாருங்கள், சாதாரணப் பேச்சை வைத்து அல்ல. அறையில் பழைய மீன்வலையைத் தொங்கவிட்டுப் பயனில்லை, ஒலி அதன் கண்களுக்குள் புகுந்து போய்விடும். இலவம்பஞ்சு மெத்தை இரண்டைப் பாடுபவருக்குப் பின்னால் நிறுத்துங்கள். வேலை முடிந்ததும் மைக்கையும் கேபிள் முனையையும் உலர்ந்த துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். கடலைப் பார்த்த ஜன்னலோரம் வேண்டாம்.

கேள்வி: கீழக்கரையில் இருக்கிறேன். பெரிய கம்பெனி மைக் ஆன்லைனில் பாதி விலைக்குக் கிடைத்தது. வந்தது போலியோ என்று சந்தேகம். விற்றவர் திரும்ப எடுக்க மாட்டேன் என்கிறார்.

பதில்: ஷூர் மைக்குகளில் போலி நிறைய உலவுகிறது, பாதி விலை என்பதே சந்தேகப்பட வேண்டிய விஷயம். பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்ஆர்பி உள்ளனவா பாருங்கள். பில், பெட்டி, விற்றவர் அனுப்பிய செய்திகள் எதையும் தூக்கி எறியாதீர்கள். போலிப் பொருளைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. முதலில் விற்பனைத் தளத்தில் எழுத்துமூலம் புகார் செய்யுங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யுங்கள். அதிலும் தீராவிட்டால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.